தவறான விடை சின்னத்தாய்

பூண்டி மாணவர் விடுதியில் சின்னத்தாய் பல வருடங்களாகச் சமைத்து வந்தாள். அவள் கைச்சோற்றைத் தின்று எந்தப் பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை. அதனால் அவளுடைய சமையலறையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதுமில்லை, படம் எடுத்ததுமில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் 2008-இல் கொடைக்கானலில் மலைவட்டார இணையவழிப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

மலைக்கிராம விடுதிகளில் சமைப்பவர்கள் பயிற்சிக்காகப் பஸ் ஏறி அலையக் கூடாது, இருந்த இடத்திலேயே இணையம் வழியாகக் கற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நோக்கம். அவர்கள் இருந்த இடங்களில் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே இருந்த இடத்திலேயே கற்பதற்காக எல்லோரும் பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு வந்து போனார்கள்.

நிறுவனத்தின் இயக்குநர் முனைவர் குமரகுரு. பழனிக்காரர். அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குப் பூஜைச் சாமான் கடை இருந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. டெல்லியில் ஒரு கருத்தரங்கில் கிளைபிரியும் படம் என்ற ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து அவர் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. அந்தப் படம் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். திரையில் ஒரு கேள்வியும் இரண்டு விடைகளும் வரும். பார்ப்பவர் சரியான விடையை அழுத்தினால் சரியான காட்சிக்குப் போகும். தவறானதை அழுத்தினால் தவறான காட்சிக்குப் போய், அதனால் வரும் கேடுகளையெல்லாம் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

"சாதாரணப் படம் ஆற்றைப்போல ஓடும். நம் படம் மரத்தைப்போல நிற்கும்" என்று தொடக்க விழாவில் குமரகுரு பேசினார். அங்கே இணைய இணைப்பின் வேகத்தை அறிந்திருந்த ஊழியர்கள் அதை ஒப்புக்கொண்டு கைதட்டினார்கள்.

முதல் பாடம், விடுதிச் சமையலறையில் சுத்தம். படத்தை யார் இயக்குவது என்று ஒரு கேள்வி வந்தது. கோப்பில் 'படத்தை இயக்குநர் இயக்குவார்' என்று இருந்தது. தான் இயக்குநர் என்பதால் குமரகுருவே இயக்குவதென்று முடிவாயிற்று. கேமராவைப் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, கிளைகளை இணைப்பது ஆகிய மீதி வேலைகளை ஸ்வேதா பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்வேதா கொடைக்கானல் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

படம் எடுக்கப் பூண்டி விடுதிக்கு வந்தார்கள். சரியாகச் சமைக்கும் சமையலராக நடிக்க இயக்குநரின் மனைவி சண்முகவள்ளி வந்திருந்தார். தவறாகச் சமைப்பவளாக யார் என்று குமரகுரு சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே சமைக்கத் தெரிந்த ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதான் தவறு" என்றார்.

"நான் என்னங்க சார் பண்ணேன்?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலை. இனிமேதான் பண்ணணும். உன் முகத்துல ஒரு இயல்பு இருக்கு."

சண்முகவள்ளிக்குக் கேஸ் அடுப்பென்றால் பயம். பற்றவைக்காத அடுப்பின் மேல் இருந்த சாம்பாரைப் பட்டுப்புடவையோடு கிண்டினார். ஆவி வேண்டுமே என்று பாத்திரத்துக்குப் பின்னால் சாம்பிராணி போட்டார்கள். ஒரே தடவையில் காட்சி முடிந்தது.

சின்னத்தாய்தான் சிரமப்பட்டாள். கை கழுவாமல் காய் நறுக்கு என்றால் அவள் கை தானாகக் குழாய்க்குப் போனது. நினைவுபடுத்தினார்கள், மறுபடியும் போனது. கடைசியில் ஸ்வேதா வெளியே போய்த் தண்ணீரையே அடைத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு சின்னத்தாய் சொன்னதையெல்லாம் செய்தாள். பருப்பை மூடாமல் வைத்தாள். தரையில் விழுந்த கேரட்டை எடுத்துச் சட்டியில் போட்டாள். மனது கேட்காமல், படம் முடிந்ததும் அந்தச் சட்டியை அப்படியே கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டினாள். கடைசிக் காட்சியில் விடுதிப் பையன்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். ஆசை ஆசையாக விழுந்தார்கள். ஒருவன் செத்தே போனான். அவ்வளவு வேண்டாம் என்று ஸ்வேதா அவனை எழுப்பிவிட்டாள்.

படத்தின் தொடக்கத்தில் 'இவை உண்மைச் சம்பவங்களின் பதிவுகள்' என்று எழுத்து வந்தது. உண்மைச் சம்பவங்களைப் பதிவு செய்வதாகச் சொல்லித்தான் நிறுவனம் டெல்லியில் திட்டத்தை வாங்கியிருந்தது. பிறகு கருத்து, எழுத்து, இயக்கம் என்று குமரகுருவின் பெயர் மூன்று முறை வந்தது. ஸ்வேதாவின் பெயர் எங்கும் வரவில்லை.

பூண்டி ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். பூண்டு உரிக்கப் போனவர்கள், கேரட் மூட்டை ஏற்ற வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கேள்வி வரும்போதெல்லாம் ஒருவர் பாக்கியில்லாமல் தவறான விடையையே அழுத்தினார்கள். சரியான விடையை அழுத்தினால் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் சாம்பிராணிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். தவறை அழுத்தினால் அவர்களுக்குத் தெரிந்த சின்னத்தாய் வருவாள், பிள்ளைகள் சுருண்டு விழுவார்கள். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றிப் படம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்து, மறுபடியும் தவறை அழுத்தினார்கள்.

யார் எதை அழுத்தினார்கள் என்ற கணக்கு கொடைக்கானலுக்குப் போனது. குமரகுரு அதைப் பார்த்து, 'மலைமக்கள் தவறுகளை மிகுந்த ஆர்வத்துடன் கற்றுவருகிறார்கள்' என்று டெல்லிக்கு அறிக்கை எழுதினார்.

ஊரில் சின்னத்தாயைத் 'தப்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏலே, தப்பு வருது, வழி விடு" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். விடுதிச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு மெமோவைக் கையில் கொடுக்கும்வரை சிரித்தாள்.

விடுதியை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் மதுரையில் படத்தைப் பார்த்திருந்தார். அவரும் எல்லோரையும்போலத் தவறைத்தான் அழுத்தியிருந்தார். கை கழுவாமல் சமைத்துப் பிள்ளைகளை நோயில் தள்ளிய குற்றத்துக்காகச் சின்னத்தாய் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாள்.

"சார், அது நடிப்புங்க. அவுக சொல்லச் சொல்லச் செஞ்சேன். நீங்களும் பக்கத்துலதான நின்னீக."

"நான் நின்னேன். அது வேற. நடிப்புன்னு எங்க எழுதியிருக்கு? ஆரம்பத்துலயே உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கே."

"பிள்ளைக எல்லாம் நல்லாத்தான சார் இருக்கு. அந்தா வெளையாடிக்கிட்டுக் கெடக்கு."

ஹரிகிருஷ்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பையன்கள் பனியில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப நல்லா இருக்காங்க. படத்துல நல்லா இல்லையே" என்றார். "நடிப்புன்னு அந்த நிறுவனத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. மறுநாளே வந்து சேர்ந்துக்க."

சின்னத்தாயின் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவர்கள். எங்கோ யாரோ ஒரு தாளில் எழுதிய எழுத்துக்காகப் பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டவர்கள். தாளில் இருப்பதை வாயால் மாற்ற முடியாது, இன்னொரு தாளால்தான் மாற்ற வேண்டும் என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வெள்ளனே எழுந்து கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாள்.

குமரகுரு அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் முழுக்கக் கேட்டார்.

"அம்மா, உனக்கு அநியாயம் நடந்திருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா அநியாயம் நடந்தவங்களுக்காக ஒரு நிறுவனம் நடத்த முடியாது. நடிப்புன்னு நான் எழுதிக் குடுத்தா, நிறுவனமே நடிப்புன்னு ஆயிடும்."

"என் சோலி போயிரும் சார். மக திண்டுக்கல்ல நர்சு படிப்பு படிக்குது."

"உனக்கு வேலை போனதையே வேற விதமா நீ பாக்கணும். படத்தை நம்பினதாலதானே போச்சு? அது நம்ம பாடத்துக்குக் கிடைச்ச வெற்றி. அதுல உனக்கும் பங்கு இருக்கு."

சின்னத்தாய் தன் பங்கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். குமரகுருவுக்கு மனம் இளகியது. ஒரு வழி சொன்னார். அவளே அந்தப் பாடத்தைப் படித்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம். கையெழுத்து அவருடையது. சுத்தமாகச் சமைக்கத் தெரியும் என்று அதில் அச்சிட்டிருக்கும்.

பக்கத்து அறையில் ஸ்வேதா அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். சின்னத்தாய்க்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எல்லாவற்றுக்கும் சரியான விடையை அழுத்தினாள். பூண்டி வட்டாரத்திலேயே அப்படிச் செய்த முதல் ஆள் அவள்தான். கடைசிக் கேள்வி வந்தது. 'இந்தச் சமையலறையில் நடந்த தவறுகளுக்குக் காரணம் யார்?' அதன் கீழே இரண்டு விடைகள் இருந்தன. 'சமையலர்' என்பது ஒன்று, 'சின்னத்தாய்' என்பது இன்னொன்று.

அவள் 'சமையலர்' என்பதை அழுத்தினாள். 'இன்னும் குறிப்பாகக் கூறவும்' என்று சொல்லிவிட்டுப் படம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

"அக்கா, இந்தக் கொஸ்டினை சார்தான் சேர்த்தாரு. நான் எவ்வளவோ சொன்னேன்" என்றாள் ஸ்வேதா.

இரண்டாம் தடவை அந்தக் கேள்வி வந்தபோது சின்னத்தாய் தன் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு தன் பெயரை அழுத்தினாள். திரையில் பூக்கள் விழுந்தன. நூற்றுக்கு நூறு என்று வந்தது.

சான்றிதழை ஹரிகிருஷ்ணன் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். கேள்வி விடைகள் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தன. "தவறுக்குக் காரணம் நான்தான்னு நீயே ஒத்துக்கிட்டு நூறு மார்க்கும் வாங்கியிருக்கியே. இதுக்கு மேல நான் என்னம்மா பண்ண முடியும்?" நிறுத்தி வைப்பு அன்றே வேலைநீக்கமாக மாறிற்று.

வீட்டுக்கு வந்த சின்னத்தாய்க்கு அழுகை வரவில்லை. குமரகுருவை ஊர் பார்க்க நிறுத்த வேண்டும் என்ற ஆசைதான் வந்தது. எப்படி என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஆசை வந்ததும் அவளுக்கு நன்றாகப் பசித்தது. புருஷன் வேலுசாமி வடித்து வைத்திருந்த சோற்றை முழுக்கத் தின்றாள். மறுநாளிலிருந்து அவனோடு பூண்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். குனிந்து களை பிடுங்கும்போதெல்லாம் குமரகுருவை நினைத்துக்கொண்டாள். களை வெரசாக வந்தது.

அடுத்த வருடம் நிறுவனத்துக்கு இரண்டாம் பாடம் எடுக்க உத்தரவு வந்தது. குறை சொல்ல வரும் பொதுமக்களிடம் அலுவலர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை என்பது தலைப்பு. கூடவே, முதல் படத்தில் எல்லோரும் விரும்பிப் பார்த்த அந்தப் பெண்மணியே இதிலும் வர வேண்டும் என்று டெல்லியில் எழுதியிருந்தார்கள். ஸ்வேதா ஜீப் பிடித்துப் பூண்டுத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். சேற்றில் நின்றபடி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான்னா வரமாட்டேன் அக்கா. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் அப்படியே போய்ச் சொல்லிடுவேன்" என்றாள்.

சின்னத்தாய் நிமிர்ந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வர்றேன். ஆனா ஆபீசரா அந்தச் சார்தான் நடிக்கணும். வேற ஆளுன்னா எனக்குப் பேச்சு வராது."

"டயலாக் எழுதித் தரவா?"

"வேணாம். மனப்பாடம் பண்ண நான் என்ன பள்ளிக்கூடமா போறேன். அன்னைக்கு என்ன கேட்டேனோ அதையே கேக்குறேன். அவுக அன்னைக்குச் சொன்னதையே சொல்லட்டும்."

 ஸ்வேதா சேற்றையும் பாராமல் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, நெடுநேரம் பேசிவிட்டுப் போனாள்.

குமரகுரு உடனே சம்மதித்தார். தன் முகத்துக்கு இதுவரை யாரும் நீதி செய்யவில்லை என்பது அவர் எண்ணம். புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். படப்பிடிப்பு அவருடைய அறையிலேயே நடந்தது. சின்னத்தாய் அவர் மேஜைக்கு முன்னால் வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"சார், படத்துல நடிச்சதுக்கு என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாக. நடிப்புன்னு ஒரு கடுதாசி குடுங்க."

குமரகுரு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அநியாயம் நடந்தவர்களுக்காக நிறுவனம் நடத்த முடியாது என்றார். வேலை போனது பாடத்தின் வெற்றி என்றார். அதோடு நிறுத்தவில்லை, கேமரா அவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனது.

"மனுங்கிறது மழை மாதிரி. பெய்யத்தான் செய்யும். நனையாம நிக்கத் தெரிஞ்சவன்தான் அலுவலர். நான் யாரையும் போன்னு சொன்னதே இல்லை தெரியுமா? வான்னு சொல்லித்தான் அனுப்புவேன். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா. வந்து வந்து பழகினா ஜனங்களுக்குத் தங்களோட குறையே மறந்துபோகும். அதுக்குப் பேருதான் குறைதீர்ப்பு."

"எனக்கு மறக்கலையே சார்."

"ஏன்னா நீ சரியா வரலை. ஒரு தடவை வந்துட்டு நின்னுட்ட. இருபது தடவை வந்து பாரு."

நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியவர் இயக்குநர். அவரோ நடித்துக்கொண்டிருந்தார். அதனால் டேப் தீரும்வரை பேசினார். முடிந்ததும் ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சரியான அலுவலராகச் சண்முகவள்ளியே நடித்தார். சின்னத்தாயைப் பார்த்து "உட்காருங்கம்மா" என்று சொல்லி, கேட்டதை எழுதிக் கொடுத்தார். இரண்டே நிமிடம்.

"சார், உங்க போர்ஷனை எந்தக் கிளையில வைக்கட்டும்?" என்று ஸ்வேதா கேட்டாள்.

"இது என்னம்மா கேள்வி? ஜனங்க அதிகமா பாக்குற கிளை எதுவோ அதுல வை" என்றார் குமரகுரு. ஸ்வேதா அதை எழுத்தில் கேட்டாள். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வெட்டி ஒட்டிய பிறகு தான் வரும் இடத்தை மட்டும் போடச் சொல்லி, பல தடவை பார்த்து மகிழ்ந்தார்.

படத்தை மதிப்பிட டெல்லியிலிருந்து குழு வந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை, தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். விடுதிச் செயலாளர்கள் எல்லோரையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஹரிகிருஷ்ணனும் இருந்தார். பூண்டியிலிருந்து ஸ்வேதா ஒரு பஸ் நிறையக் கூட்டத்தைக் கூட்டிவந்திருந்தாள். குமரகுரு கோட்டோடு மேடையில் இருந்தார்.

படம் ஓடி நின்றது. 'குறை சொல்ல வருபவரை அலுவலர் எப்படி நடத்த வேண்டும்? உட்காரவைத்து விசாரிக்க வேண்டுமா, நிற்கவைத்து அறிவுரை சொல்ல வேண்டுமா?' பேராசிரியை மௌஸை எடுத்தார். அவரும் மனுஷிதான். இரண்டாவதை அழுத்தினார்.

'தவறு' என்று சிவப்பில் வந்தது. அதன் கீழே குமரகுரு கோட்டோடு நாற்காலியில் சாய்ந்தார்.

பூண்டிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியை அடுத்த கேள்விக்கும் தவறையே அழுத்தினார். அதற்கடுத்ததற்கும் அதையே. ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தின் கீழ் குமரகுரு வந்து, மழையைப் பற்றியும் நாளைக்கு வருவதைப் பற்றியும் விளக்கினார். மேடையில் இருந்த குமரகுரு, திரையில் இருந்த குமரகுருவைக் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். அவர் நிற்கவில்லை. டேப் நிறைய இருந்தது.

சின்னத்தாய் திரையைப் பார்க்கவே இல்லை. மேடையில் வேர்த்துக்கொண்டிருந்த முகத்தை மட்டும் பார்த்தாள். கண்ணிமைத்தால் கொஞ்சம் போய்விடுமே என்று இமைக்காமல் பார்த்தாள்.

விளக்கைப் போட்டதும் பேராசிரியை கேட்டார். "டாக்டர் குமரகுரு, இது உண்மைச் சம்பவத்தின் பதிவுன்னு முதல்ல எழுத்து வருது. நீங்க நிஜமாவே இப்படித்தான் சொன்னீங்களா?"

குமரகுரு மைக்கைப் பிடித்தார். "இல்லம்மா. இது நடிப்பு."

"அப்ப முதல் படம்?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அதுவும் நடிப்புதான்" என்றார். மைக் நன்றாக வேலை செய்தது.

கூட்டம் முழுக்க ஹரிகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாசலிலேயே சின்னத்தாயைப் பிடித்து, "நாளைக்கு வெள்ளனே வந்து சேந்துரும்மா" என்றார். "தோட்டத்துல வேலை கெடக்கு சார். நேர்ல வந்து கூப்புடுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். மறுநாள் ஹரிகிருஷ்ணன் பூண்டுத் தோட்டத்துக்கு வந்தார். முந்தின நாள் பெய்த மழையில் அவருடைய ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. வேலையாட்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும்வரை அவள் காது கேட்காதவள்போல் இருந்தாள். பிறகு அவரோடு விடுதிக்குப் போனாள்.

குழு குமரகுருவை விடவில்லை. முன்பு உண்மை என்றவர் இப்போது நடிப்பு என்கிறார், எதை நம்புவது என்று கேட்டது. இரண்டாம் படத்தில் அவர் பேசியது நடிப்புத்தான் என்று, எதிரே நின்ற பெண்மணி சொன்னால் ஏற்றுக்கொள்வதாக எழுதியது. அதற்குள் படம் மலையெங்கும் போய்விட்டது. தாண்டிக்குடியிலும் பாச்சலூரிலும் அவரைக் கண்டால் "சார், நாளைக்கு வரவா, அடுத்த வாரம் வரவா?" என்று கேட்டார்கள். பழனியில் அவர் குடும்பத்துப் பூஜைச் சாமான் கடை வாசலிலேயே நின்று கேட்டார்கள்.

ஒருநாள் மதியம் குமரகுரு பூண்டி விடுதிச் சமையலறைக்கு வந்தார். கோட்டு இல்லை. பிள்ளைகள் சாப்பிட்டு எழும்வரை ஓரமாகக் காத்திருந்தார். சின்னத்தாய் முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. அன்னைக்கு நான் பேசினது நடிப்புன்னு. என் உத்தியோகம் உன் கையில இருக்கு. நானும் புள்ளைகுட்டிக்காரன்."

"எனக்கும் சொல்லணும்னுதான் சார் இருக்கு" என்றாள் சின்னத்தாய். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "ஆனா எப்படிச் சொல்லுவேன்? மொதப் படத்துல நான் நடிச்சேன், நடிச்சேன்னு சொன்னேன். ரெண்டாவது படத்துல நீங்க நடிக்கலையே சார்."

அவர் முக்காலியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு கொடைக்கானல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். அவர் மேட்டில் ஏறி, பனிக்குள் மறையும்வரை சின்னத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து பெரிய உருளியை இறக்கி அடுப்பில் ஏற்றினாள்.

அன்று இரவு சாப்பாட்டில் பாயசம் இருந்தது. என்ன விசேஷம் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, குடிங்க" என்று சொல்லி, எல்லோருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.